மூன்றாம் முறை கத்தரி

ஓஹ்ரித் ஏரிக்கரையில் இருந்த அந்த மடத்தில், துறவு ஏற்பவனுக்கு மடத்தலைவர்தான் புதுப்பெயர் வைப்பார். முடியை வெட்டும்போதுதான் அதைச் சொல்வார். அதற்கு முன் கத்தரியைக் கீழே வைத்து, "எடுத்துக் கொடு" என்று மூன்று முறை கேட்பார். மூன்று முறையும் சீடன் தன் கையால் எடுத்துக் கொடுக்க வேண்டும். மனமில்லாதவன் எழுந்து வீட்டுக்குப் போகலாம். மடத்தில் யாரும் தடுக்க மாட்டார்கள். ஊரில் என்ன சொல்வார்கள் என்பது வேறு விஷயம்.

சடங்குக்கு முதல் நாள், மடத்தலைவர் கவ்ரிலும் சீடன் ஸ்டோயனும் சுட்ட சிவப்புக் குடைமிளகாயைத் தோலுரித்துக்கொண்டிருந்தார்கள்.

"தந்தையே, நாளை எனக்கு அலெக்சாண்டர் என்று பெயர் வையுங்கள்."

"இப்போதுள்ள பெயருக்கு என்ன குறை?"

"ஸ்டோயன் என்றால் நில் என்று அர்த்தம். எனக்கு முன் பிறந்த இரண்டும் தங்கவில்லை. இதுவாவது நிற்கட்டும் என்று அம்மா வைத்தாள். ஆட்டைப் பார்த்துச் சொல்வது மாதிரி இருக்கிறது."

"நின்றாய் அல்லவா?"

சீடன் அடுத்த மிளகாயை எடுத்தான். மாசிடோனியப் பெயர்களைப் பற்றி அவன் படிக்காத புத்தகம் இல்லை. அரசர்கள், தளபதிகள், புனிதர்கள் எல்லாரும் அவன் நாக்கு நுனியில் இருந்தார்கள்.

"உங்கள் ஊரில் அலெக்சாண்டர்கள் உண்டா?" என்றார் கவ்ரில்.

"நாலு பேர். இரண்டு பேர் பஸ் ஓட்டுகிறார்கள். ஒருவர் பல் பிடுங்குகிறார். ஒருவர் சும்மா இருக்கிறார்."

"உலகத்தை வென்ற களைப்பாக இருக்கும்."

"சிரிக்காதீர்கள் தந்தையே. நாளை அப்பா ஒரு பஸ் நிறைய சொந்தக்காரர்களோடு வருகிறார். மகன் அலெக்சாண்டர் ஆகப்போகிறான் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டார்."

"அந்த மாவீரனுக்கு முன்னால் மாசிடோனியாவில் அதே பெயரில் அரசர்கள் இருந்தார்களா?"

"இரண்டு பேர். இவர் மூன்றாமவர்."

"முதல் இருவரை உன் அப்பாவுக்குத் தெரியுமா?"

"அப்பாவுக்கா? இவர் ஒருவரைத்தான் தெரியும்."

"ம்" என்றார் கவ்ரில். "அடுப்பைப் பார். மிளகாய் கருகுகிறது."

மறுநாள் கோயில் நிரம்பியிருந்தது. ஸ்டோயன் மண்டியிட்டான். கவ்ரில் கத்தரியைக் கீழே வைத்தார். அவன் எடுத்துக் கொடுத்தான். மறுபடி வைத்தார். மறுபடி கொடுத்தான். மூன்றாம் முறை எடுத்தவன், கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டான்.

பின்னால் யாரோ இருமினார்கள். அது அப்பாவின் இருமல்தான்.

"முதலில் பெயரைச் சொல்லுங்கள்" என்று மெல்லிய குரலில் கேட்டான்.

இப்படி யாரும் கேட்டதில்லை. கவ்ரில் குனிந்து அவன் காதருகே சொன்னார்.

"அங்கெலாரி."

சீடனின் முகம் வாடியது.

"தெரியுமா அவரை?"

"தெரியும். புனிதர்கள் கிளிமெந்து, நவும் ஆகியோரோடு சேர்ந்து இந்தப் பக்கம் வந்தவர். அவர்கள் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள், மடம் கட்டினார்கள். இவர் வந்த கொஞ்ச நாளில் இறந்துபோனார். புத்தகத்தில் ஒன்றரை வரி."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். நான் தேடிப் பார்த்திருக்கிறேன். தந்தையே, இத்தனை பேர் முன்னால் எனக்கு ஒன்றரை வரிதானா?"

"ஸ்டோயன், அதற்கு மேல் ஒரு வரி சேர்க்க உன்னால் ஆகாது என்று நினைத்திருந்தால், அலெக்சாண்டர் என்றே வைத்திருப்பேன்."

சீடன் முதுகை நிமிர்த்தினான். கைப்பிடி குருவின் பக்கம் வரும்படி கத்தரியைத் திருப்பி நீட்டினான்.