பதில் வராத ரத்த வங்கி

எங்கள் ஆபீசில் குரு சின்னவள், சீடர் பெரியவர். சுகன்யாவுக்கு முப்பதுகூட ஆகவில்லை. கணக்கு வாத்தியார் வேலையை விட்டுவிட்டு புரோகிராம் எழுத வந்த செபஸ்தியானுக்குத் தலை முழுக்க நரை. ஆனாலும் சந்தேகம் என்றால் அவளிடம்தான் ஓடுவார்.

நாங்கள் செய்வது ரத்தம் தேடித் தரும் ஆப். ஆஸ்பத்திரியில் கேட்டால், ஊரிலுள்ள ரத்த வங்கிகளின் கம்ப்யூட்டர்களை விசாரித்து வந்து சொல்லும். ஏதாவது ஒரு வங்கி வாயே திறக்காவிட்டால், 'இருப்பு இல்லை' என்று சொல்லும்படி செபஸ்தியான் எழுதிவைத்திருந்தார். காத்திருப்பவர்களை இழுத்தடிக்கக் கூடாது என்ற நல்லெண்ணம்தான், பாவம்.

அன்று காலை ஒரு பிரசவம். கூப்பிடு தூரத்து வங்கியில் ரத்தம் இருந்தது. அங்கே நெட் போயிருந்ததால் எங்கள் ஆப் 'இருப்பு இல்லை' என்றுவிட்டது. புருஷன்காரன் அடுத்த ஊருக்கு ஓடினான். அவன் ரத்தத்தோடு திரும்புவதற்குள் அந்தப் பெண்ணை ஐசியுவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இன்னும் கண் திறக்கவில்லை.

செபஸ்தியான் சாப்பிடவே இல்லை.

"எதிர்ப்பக்கம் பதிலே வரலைன்னா நான் என்னதாம்மா பதில் அனுப்புறது?"

"முதல்ல உங்க போனை எடுங்க சார். ரொம்ப நேரமா அடிக்குது."

மனைவி மேரி. மகள் ஓசூருக்கு இன்டர்வியூ போயிருந்தாள். என்ன ஆச்சு என்று அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

செபஸ்தியான் மகளுக்குப் போட்டார். அடித்து அடித்து நின்றது. திரும்ப மனைவிக்குப் போட்டார்.

"புள்ள போனை எடுக்கல மேரி. என்னாச்சுன்னு இன்னும் தெரியல. திரும்பக் கேட்டுப் பார்த்துட்டுச் சொல்றேன்."

சுகன்யா சாவதானமாகக் கேட்டாள். "வேலை கிடைக்கலன்னு சொல்லியிருக்கலாமே சார்? அக்கா எவ்வளவு நேரம் காத்திருப்பாங்க?"

"என்னம்மா பேசுற!" வாத்தியார் குரல் வெளியே வந்துவிட்டது. "போனை எடுக்கலன்னா வேலை கிடைக்கலன்னு அர்த்தமா? பெத்தவகிட்ட வாய் கூசாம அப்படிப் பொய் சொல்வேனா?"

சொன்னவர் அப்படியே நின்றார். கண் கலங்கிவிட்டது.

சுகன்யா நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள். கீபோர்டை நகர்த்திவைத்தாள்.

"உட்காருங்க சார். மேரி அக்காகிட்ட சொன்னதையே ஆஸ்பத்திரிக்கும் சொல்லுங்க."