பந்தியில் நீண்ட இடக்கை

தாமிரபரணிக் கரையில் ஒரு சின்ன மடம். அதை நடத்தி வந்தவர் மங்கையம்மை. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த குத்தாலிங்கத்துக்கு அறுபது தாண்டிவிட்டது. அம்மையைவிடப் பதினைந்து வயது மூத்தவர். வாழ்நாளெல்லாம் பத்திரம் எழுதிப் பிழைத்தவர். அம்மை அவரை 'அண்ணாச்சி' என்று கூப்பிடுவார். அவர் குருவை 'அம்மா' என்பார்.

ஒருநாள் பந்தி பரிமாறும்போது சாம்பார் வாளி சரிந்தது. குத்தாலிங்கத்தின் இடக்கை சட்டென்று பாய்ந்து அதைப் பிடித்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த யாத்திரிகர் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

"பிறவியிலேயே இடக்கையோ?"

"ஆமா. சின்ன வயசுலயே அப்பா மாத்திட்டார்."

"அடடா! இடக்கைக்காரங்களுக்குன்னு ஆண்டவன் தனியா ஒரு வித்தை வெச்சிருப்பானே. வீணாப் போச்சே!"

யாத்திரிகர் அன்றைக்கே ஊர் போய்விட்டார். குத்தாலிங்கத்துக்கு அதன்பிறகு எந்த வேலையும் ஓடவில்லை. ஓவியனாகி இருப்பேனோ? மிருதங்கம் வாசித்திருப்பேனோ? விடிந்ததும் ஆற்று மணலில், யாரும் பார்க்காதபோது, இடக்கையால் ஒரு கொக்கு வரைந்து பார்த்தார். அரிவாள் மாதிரி வந்தது. காலால் அழித்தார். ஒரு மாதம் வரைந்தார். கடைசி நாளும் அரிவாள்தான்.

அன்று மதியம் எல்லாரும் இலை முன் உட்கார்ந்திருந்தார்கள். அவரால் அடக்க முடியவில்லை.

"அம்மா, இந்தக் கையில என்ன வித்தை இருந்தது? நான் என்னவா ஆகியிருப்பேன்?"

அம்மை திருப்பிக் கேட்டார். "அப்பா எப்படி மாத்தினார்?"

"சாப்பாட்டு நேரத்துல இந்த மணிக்கட்டை அரைஞாண் கயிறோட சேத்துக் கட்டிருவார். அப்போ எனக்கு ஆறு வயசு. அவுத்துவிட்ட பிறகும் இது இலைப் பக்கம் வந்ததே இல்ல."

அம்மை தயிர்ச் சோற்றைப் பிசைந்து உருட்டினார்.

"கையை நீட்டுங்க."

அவர் வலக்கையை நீட்டினார்.

"இது இல்ல."

பந்தியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இடக்கை மெல்ல வந்தது. அம்மை அதில் உருண்டையை வைத்தார்.

"சாப்பிடுங்க அண்ணாச்சி."

"எல்லாரும் பாக்கிறாங்களே அம்மா…"

அம்மை காத்திருந்தார்.

கை பாதி தூரம் உயர்ந்து நின்றது. பருக்கைகள் மடியில் உதிர்ந்தன. பிறகு வாயைத் தொட்டது. குத்தாலிங்கம் மென்று விழுங்கினார். ஒட்டியிருந்த சோற்றை விரல் விரலாக நக்கினார். கண்ணீர் தாடியில் இறங்கியது. அவர் அதைத் துடைக்கவில்லை.

வெகுநேரம் கழித்து, "அம்மா… அந்த வித்தை?" என்றார்.

அம்மை சோற்றுப் பாத்திரத்தை அருகே இழுத்துக்கொண்டார்.

"அதை அப்புறம் கேட்போம் அண்ணாச்சி. பாவம், இந்தக் கை ரொம்ப நாளாப் பசியோட இருந்திருக்கு. இன்னொரு உருண்டை வைக்கட்டுமா?"