டிக்கெட் ஒட்டிய பாட்டு

"நாலாயிரம் வார்த்தை நெட்டுரு போட்டாச்சு டீச்சர். பாட்டை எடுத்தா மட்டும் ஒரு மண்ணும் விளங்க மாட்டேங்கு."

மாசானமுத்து இதைச் சொல்லும்போது காலை மணி ஒன்பது. பத்தரைக்கு அவருக்கு வாய்மொழித் தேர்வு.

அவர் நாகர்கோவில் பஸ்ஸில் கண்டக்டர். வயது நாற்பத்தாறு. தபால் வழியில் எம்.ஏ. இங்கிலீஷ். "படிடே, உனக்கு வரும்" என்று உசுப்பிவிட்ட டிரைவர் இப்போது உயிரோடு இல்லை. எழுத்துப் பரீட்சை எல்லாம் பாஸ். வாய்மொழியில் மட்டும் ரெண்டு தடவை ஊத்திக்கொண்டது.

இன்றைக்கும் ஊத்தினால் பதிவுக் காலம் முடிந்தது. ஆறு வருஷப் படிப்பும் ஆற்றோடு போச்சு.

பியூலா டீச்சருக்கு இருபத்தெட்டு வயது. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் இங்கிலீஷ் நடத்துகிறார். கொஞ்சம் கிறுக்கு என்று பேர். நல்லா நடத்துவார் என்றும் பேர். அதை நம்பித்தான் மாசானமுத்து காலையிலேயே அவர் வீட்டுக்கு வந்திருந்தார்.

"எப்படிப் படிச்சீங்க அண்ணாச்சி?"

"ஸ்டாப்புக்கு நாலு வார்த்தை. நாங்குநேரிக்கும் வள்ளியூருக்கும் நடுவுல மட்டும் இருபது. எழுது, அர்த்தத்தைப் போடு, அடுத்ததுக்குப் போ."

"டிக்கெட் கிழிக்கிற மாதிரி."

"ஆமா, அதே மாதிரிதான்." மனுசனுக்கு அதில் பெருமை வேறு.

"போன வருஷம் என்ன கேட்டாங்க?"

"எலிஜின்னா என்னன்னு ஒரு வழுக்கைத்தலை சார் கேட்டாரு. செத்தவங்களை நினைச்சுப் பாடுற இரங்கல் பாட்டுன்னு டக்குனு சொன்னேன். பதில் சரி, ஆனா நீர் ஒரு எலிஜியும் வாசிச்சது இல்லைன்னுட்டாரு. நான் வாசிக்கலையாம்! பதினேழு வாசிச்சிருக்கேன் டீச்சர், அர்த்தத்தோட!"

குரலில் கோபம் பாதி, பயம் பாதி. இன்றைக்கும் அதே ஆள்தான் வருகிறார்.

டீச்சர் கையை நீட்டினார். "நோட்டைக் கொடுங்க."

கொடுத்தார்.

டீச்சர் அதை பீரோவில் வைத்துப் பூட்டினார். சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"ஐயையோ டீச்சர்! விளையாடுத நேரமா இது? பத்தரைக்குப் பரீட்சை!"

"பையில டிக்கெட் இருக்கா?"

இருந்தது. வார்த்தை எழுதிப் பார்க்க என்று பழைய டிக்கெட் கட்டு ஒன்று எப்போதும் வைத்திருப்பார்.

டீச்சர் ஒரு இங்கிலீஷ் பாட்டை எடுத்தார். பதினாலு வரி. பேர் தெரியாத யாரோ எழுதியது. டிக்கெட்டைத் துண்டு துண்டாய்க் கிழித்து, பசை தடவி, கடினமான சொல் ஒவ்வொன்றின் மேலும் ஒட்டினார். நிதானமாக ஒட்டினார். சுவர்க் கடிகாரம் ஒன்பதரையைத் தாண்டிவிட்டது.

"இப்ப வாசிங்க."

"முக்கியமான சொல்லை எல்லாம் மூடிட்டு எதை வாசிக்க? ஆளே ஏறாம வண்டியை எடுன்னா எப்படி?"

"எடுங்க."

வாசித்தார். ஒன்றும் விளங்கவில்லை.

மறுபடி வாசித்தார். மிச்சம் இருந்ததெல்லாம் சின்னச் சின்ன வார்த்தை. மூன்றாங்கிளாஸ் பிள்ளைக்குத் தெரிந்தது.

மூன்றாவது தடவை மெதுவாகப் போனார்.

"வாசல்ல ஒரு சோடி செருப்பு கிடக்கு," என்றார். "மழை பெய்யுது. வீட்டுல ஆள் இருக்கு. யாரும் அதை எடுத்து உள்ள வைக்கலை. நாலு நாளா வைக்கலை."

"ஏன் வைக்கலை?"

மாசானமுத்துவின் கை பழக்கத்தில் நோட்டைத் தேடியது. மேஜையில் நோட்டு இல்லை.

வெளியே ரோட்டில் ஒரு பஸ் சின்னதாக ஹாரன் அடித்தது. வெடுக்கென்று திரும்பினார். அப்புறம் தலை குனிந்துகொண்டார்.

"அண்ணாச்சி?"

"நேரமாச்சு டீச்சர். வாரேன்."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"நோட்டு வேண்டாமா?"

அதற்குள் அவர் படி இறங்கிவிட்டார்.

தேர்வு அறையில் அதே வழுக்கைத்தலை. அதே நாற்காலி. இங்கிலீஷில் அதே கேள்வி. பாவி மனுசன் வேண்டுமென்றே கேட்டாரோ என்னவோ.

"எலிஜி என்றால் என்ன?"

மனப்பாடம் பண்ணிய பதில் தொண்டை வரைக்கும் வந்தது. மாசானமுத்து அதை விழுங்கினார்.

மேலே மின்விசிறி சுற்றியும் சட்டை முதுகோடு ஒட்டியது. தேர்வாளர் பேனா மூடியைக் கழற்றி, மதிப்பெண் தாளைப் பக்கத்தில் இழுத்தார்.

"பதில் இல்லையா?"

"இருக்கு சார்."

சின்னச் சின்ன இங்கிலீஷ் வார்த்தையில், திக்கித் திக்கிச் சொன்னார். தமிழில் சொன்னால் இப்படி:

"நான் கண்டக்டர் சார். பதினாறு வருஷம் எனக்கு ஒரே டிரைவர். நான் ரெண்டு விசில் கொடுத்தா, 'சரிடே'ங்கிற மாதிரி சின்னதா ஒரு ஹாரன் அடிப்பார். அப்புறம்தான் வண்டி நகரும். அவர் செத்து மூணு வருஷம் ஆச்சு. புது டிரைவரும் தங்கமான மனுசன்தான். விசில் கேட்டதும் வண்டியை எடுத்துருவார். நான் இன்னைக்கும் விசிலை ஊதிட்டு, அந்த ஹாரனுக்குக் காது கொடுத்துட்டு நிக்கேன்."

தேர்வாளர் எழுதவில்லை. பேனாவைக் கீழே வைத்தார்.

"அவர் பேர் என்ன?" என்று கேட்டார்.

தமிழில் கேட்டார்.