சிவப்பு மையில் அடித்த சொற்கள்

முன்னொரு காலத்தில், தான் எங்கே முடிகிறோம், கரை எங்கே தொடங்குகிறது என்று கடலுக்கே சரியாகத் தெரியாத காலத்தில், சங்குமுனை என்று ஒரு துறைமுக ராஜ்யம் இருந்தது. அதை ஆண்டவர் இளவழுதி மகாராஜா. நல்லவர்தான். ஆனால் எல்லாவற்றிலும் சிக்கனம். விளக்கெண்ணெயில் சிக்கனம், வெற்றிலையில் சிக்கனம், கடைசியில் சொல்லிலும் சிக்கனம்.

சீமைக் கப்பல்கள் வந்து போகும் துறை அல்லவா, அதனால் அரண்மனையில் ஒரு துபாஷி உண்டு. ராஜா சொல்வதை இங்கிலீஷிலும், கப்பல்காரர் சொல்வதைத் தமிழிலும் மாற்றிச் சொல்பவர். பெயர் சபாநாயகம். அவரிடம் தலையணை கனத்துக்கு ஓர் அகராதி இருந்தது. ஒருநாள் ராஜா அதைப் புரட்டினார்.

"என்ன ஓய், வீடு என்பதற்கு நேரே ‘ஹவுஸ்’ என்றும் போட்டிருக்கிறீர், ‘ஹோம்’ என்றும் போட்டிருக்கிறீர்?"

"இரண்டும் வீடுதான் மகாராஜா."

"ஒரு தலைக்கு எதற்கு ஓய் இரண்டு தலைப்பாகை? ஒன்றை அடித்துவிடும்."

துபாஷி சிவப்பு மையைத் தொட்டு அடித்தார். ‘ஹவுஸ்’ இருந்தது, ‘ஹோம்’ போயிற்று. ‘ஹியர்’ இருந்தது, ‘லிஸன்’ போயிற்று. ‘அலோன்’ இருந்தது, ‘லோன்லி’ போயிற்று. அகராதி பாதியாக இளைத்தது. ராஜாவுக்கு ரொம்பத் திருப்தி.

அந்த ஊர் உப்பளத்தில் பவளாயி என்றொரு பெண் இருந்தாள். கப்பல்களுக்கு உப்பு விற்பவள். அவளுக்கும் இங்கிலீஷ் தெரியும். ஆனால் அவள் அதைப் படித்தது மாலுமிகளின் முகத்தில். ‘ஹவுஸ்’ என்று சொல்லும்போது மாலுமி இரண்டு கையாலும் காற்றில் சுவர் வரைந்து காட்டுவான். ‘ஹோம்’ என்று சொல்லும்போது கை அசையாது. கடலைப் பார்ப்பான்.

பவளாயிக்கு இருந்த ஒரே உறவு அவள் அம்மா சீனியாள். வலை பின்னுகிறவள். கையும் ஓயாது, வாயும் ஓயாது.

ஓர் ஐப்பசியில் கடல் பொங்கி, அவர்கள் இருந்த குப்பத்தை வாரிக்கொண்டு போயிற்று. உயிர்கள் தப்பின. முந்நூறு குடிசையில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. சீனியாளுக்கு மிஞ்சியது ஒரு சோற்றுப்பானை. அதைப் பவளாயி தலையில் வைத்துக்கொண்டு திரிந்தாள்.

நான்காம் நாள் காலை, அலை ஒரு பொருளைக் கொண்டுவந்து மணலில் வைத்தது. பித்தளையில் ஒரு சிங்கமுகம். யானைத்தலை அளவு. வாயில் ஒரு வளையம். சீமை வீடுகளில் தட்டிக் கூப்பிடுவதற்காகக் கதவில் மாட்டியிருக்குமே, அது. ஆனால் கதவு மட்டும் இல்லை.

ராஜா வந்து வளையத்தைத் தட்டினார். சிங்கம் கண் திறந்தது. அந்தக் கண்ணுக்குள் வேறொரு கடல் அலையடித்துக்கொண்டிருந்தது.

"மந்திரவாதி ஒருவன் என்னைக் கதவிலிருந்து பிடுங்கி அலையில் எறிந்தான்" என்றது சிங்கம், இங்கிலீஷில். "தட்டியவர்களுக்கு மூன்று வரம் தர வேண்டும் என்பது அவன் போட்ட கட்டு. என்ன சொல் சொல்கிறீர்களோ அதுதான் வரும். மூன்றும் முடிந்தால் கடல் என்னைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்."

"என் ஜனங்களுக்கு வீடு வேண்டும்" என்றார் ராஜா.

துபாஷி அகராதியைப் பார்த்தார். "ஹவுஸ்" என்றார்.

மணல் பால்போலப் பொங்கியது. பொங்கி, எழுந்து, உறைந்தது. கண் மூடித் திறப்பதற்குள் முந்நூறு வெள்ளை வீடுகள். சுவர் இருந்தது, கூரை இருந்தது, கதவுக்குச் சாவியும் இருந்தது. ஜனங்கள் கும்பிட்டபடியே உள்ளே போனார்கள். சீனியாளும் போனாள். பவளாயி பானையோடு வாசலில் நின்றாள்.

"அம்மா, அடுப்பை எந்த மூலையில போடலாம்?"

சீனியாள் திரும்பினாள். முகத்தில் ஒரு மரியாதையான சிரிப்பு. "யாரும்மா நீங்க? யாரைப் பார்க்கணும்?"

பவளாயி ஒரு படி பின்னால் இறங்கினாள். பிறந்த நாளிலிருந்து அம்மா அவளை ‘நீங்க’ என்று சொன்னதே இல்லை. அக்கம்பக்கத்திலும் அதே கதை. புருஷன் பெண்டாட்டியிடம் ஊர் பெயர் விசாரித்துக்கொண்டிருந்தான். எந்த அடுப்பிலும் தீ நிற்கவில்லை.

ராஜா சிங்கத்திடம் ஓடினார். "ஒருவர் பேச்சை ஒருவர் கேட்கட்டும். கேட்டால் நினைவு வந்துவிடும்."

துபாஷி பக்கத்தைப் புரட்டினார். "ஹியர்" என்றார்.

அவ்வளவுதான், வீடுகளுக்குள் போன குப்பத்து ஜனங்களுக்கு உலகத்தின் காது திறந்துகொண்டது. மணலுக்கடியில் நண்டு நடப்பது கேட்டது. பாத்தியில் உப்பு பூப்பது கேட்டது. நடுக்கடலில் ஒரு திமிங்கிலம் புரண்டு படுப்பது கேட்டது. வாய் பிளந்து உட்கார்ந்துவிட்டார்கள். பவளாயி வாசலில் நின்று கூப்பிட்டாள், கூப்பிட்டாள், தொண்டை கட்டும்வரை கூப்பிட்டாள்.

"கேக்குதும்மா" என்றாள் சீனியாள். "நண்டு நடக்கிறதும் கேக்குது. நீங்க கூப்பிடுறதும் கேக்குது." இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னாள்.

காதில் விழுந்தது. காது கொடுக்கத்தான் ஆள் இல்லை.

பவளாயி துபாஷியிடம் வந்தாள். "ஐயா, ஒரு வரந்தான் பாக்கி. அது போனா எங்கம்மா போன மாதிரி. வீடுங்கிறதுக்கு நேரே நீங்க சிவப்புல அடிச்ச சொல்லை எடுங்க."

"அடித்ததை எப்படியம்மா எடுப்பது?"

"வெயில்ல பிடிங்க. தெரியும்."

துபாஷி தாளை வெயிலில் பிடித்தார். சிவப்புக்கு அடியில் சொல் மெல்லத் தெரிந்தது. வாசித்தார். "ஹோம்."

சிங்கம் தனக்குள் தேடிப் பார்த்தது. பிறகு, "என்னிடம் இருப்பதைத்தான் நான் தர முடியும்" என்றது. "சுவர் இருந்தது, தந்தேன். காது இருந்தது, தந்தேன். இது என்னிடம் இல்லை. வேறு ஏதாவது கேளுங்கள்."

"பொன் கேட்கலாம்" என்றார் மந்திரி, மெதுவாக. அவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பவளாயி பானையோடு சிங்கத்தின் முன்னால் வந்து நின்றாள். அவளுக்கு ஒரு மாலுமி நினைவுக்கு வந்தான். பக்கத்தில் யாரும் இல்லாமல் கப்பல் முனையில் மல்லாந்து படுத்து, ‘அலோன்’ என்று சொல்லிச் சிரித்தவன். அதே ஆள் நாற்பது பேரோடு உட்கார்ந்து சாப்பிடும்போது ‘லோன்லி’ என்றான். அப்போது சோற்றில் அவன் கை நின்றுவிட்டது.

"சிங்கமே, நீ அலோனா?"

"இல்லை. என்னைச் சுற்றி ஒரு ராஜ்யமே நிற்கிறது."

"லோன்லியா?"

பித்தளை வியர்த்தது. வளையத்தின் வழியாக நீர் சொட்டி மணலில் குழி விழுந்தது. எத்தனையோ துறைகளில் எத்தனையோ பேர் அந்த வளையத்தைத் தட்டியிருக்கிறார்கள். வரம் கேட்டவர்கள் உண்டு. இப்படிக் கேட்டவர்கள் இல்லை.

பவளாயி திரும்பி அந்த வெள்ளை வீட்டைப் பார்த்தாள். உள்ளே அம்மா யாரோபோல உட்கார்ந்திருந்தாள். இதைச் செய்தால் அம்மா கிடைப்பாளா, அவளுக்குத் தெரியாது. சிங்கத்திடம் திரும்பினாள்.

"மூணாவது வரத்தை நான் சொல்றேன் மகாராஜா."

ராஜா தலையசைத்தார்.

"நீ போ, சிங்கம். ஹோம் போ."

முதலில் ஒரு வாசனை வந்தது. சுட்ட ரொட்டியின் வாசனை. பிறகு சிங்கமுகத்துக்குப் பின்னால், காற்றிலிருந்து பலகை பலகையாக ஒரு பச்சைக் கதவு வளர்ந்தது. அது திறந்தது. உள்ளே ஒரு சின்ன சமையலறை, எரிகிற அடுப்பு, யாரோ யாரையோ இவ்வளவு நாள் எங்கே போனாய் என்று திட்டும் குரல். சிங்கம் கண்ணை மூடிக்கொண்டு அந்தத் திட்டைக் காது கொடுத்துக் கேட்டது.

"இப்போது என்னிடம் இருக்கிறது" என்றது. "எடுத்துக்கொள்ளுங்கள்."

கதவுக்குள்ளிருந்து அடுப்பு வெளிச்சம் மணலில் இறங்கி ஓடியது. ஒவ்வொரு வீட்டுப் படியாக ஏறியது. முந்நூறு அடுப்பிலும் தீ பிடித்தது. பச்சைக் கதவு சாத்திக்கொண்டது. கட்டு அவிழ்ந்தது. பிறகு அங்கே வெறும் கடல்தான்.

பவளாயி ஓடி வந்து வாசலில் நின்றாள். பானை இன்னும் தலையில்தான் இருந்தது. சீனியாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எம்புட்டு நேரம்டி சுமந்துக்கிட்டு நிப்ப? கழுத்து என்னத்துக்காவும்? பானையை இறக்கு."

பவளாயி பானையை இறக்கினாள்.

மறுவாரம் ராஜா, சிவப்பு மைக்கூட்டைத் தன் கையாலேயே கடலில் கொட்டினார். பவளாயியை அரண்மனைத் துபாஷியாக்கி, அடித்த சொற்களுக்கெல்லாம் பொருள் எழுதச் சொன்னார். சபாநாயகம் பக்கத்தில் உட்கார்ந்து மை தொட்டுக் கொடுத்தார்.

சங்குமுனை அகராதியில் ‘ஹவுஸ்’ என்ற சொல்லுக்கு நேரே வீடு என்றுதான் இருக்கும். அதற்கடுத்த வரியில், ‘ஹோம்’ என்ற சொல்லுக்கு நேரே அவள் எழுதியது இது: எம்புட்டு நேரம்டி சுமந்துக்கிட்டு நிப்ப, பானையை இறக்கு.