மூன்று நாட்டுக் கயிறு

மந்திரி பூவணன் மூன்று நாடுகளைச் சுற்றிவிட்டு நேராகத் தன் குரு ஆவுடையம்மையின் மடத்துக்கு வந்தார். அம்மை அவரைவிட வயதில் இளையவர்தான். ஆனாலும் குருவை வெறுங்கையோடு பார்க்கலாமா? தன் தோப்பிலிருந்து ஒரு குலை இளநீர் வெட்டிக் கொண்டுவந்தார். தோப்பு மடத்துக்கு அடுத்த வேலிதான். ஊரெல்லாம் கிணறு வற்றிக் கிடக்க, மந்திரியின் தென்னை மட்டும் பச்சைப் பசேலென்று நின்றது.

மறுநாள் காலையில் ராஜா நிலத்தடி நீருக்குச் சட்டம் போடப் போகிறார். எந்தச் சட்டம் என்று பூவணன்தான் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் ஊரே காலியாகிவிடும். அந்தப் பயம் அவருக்கு உண்மையாகவே இருந்தது.

“வடக்கே நிலம் யாருதோ, அடியில இருக்கிற தண்ணியும் அவனுதுதான் தாயே. மேற்கே எல்லாம் ராஜாவுக்கு. அவர் உத்தரவில்லாம கடப்பாரையைத் தொட முடியாது. கிழக்கே முதல்ல வெட்டினவனுக்கு முதல் உரிமை. இதுல எது நல்ல சட்டம்?”

“வழியில தாகம் எடுத்தா என்ன செஞ்சீங்க?”

“கையில செம்பும் கயிறும் இருந்துச்சு. அங்கங்கே கிணத்துல மொண்டு குடிச்சேன்.”

“கயித்தைக் காட்டுங்க.”

கயிற்றில் மூன்று முடிச்சுகள் இருந்தன.

“இது?”

“வடக்கே எட்டல. துண்டுக் கயிறு வாங்கி முடிஞ்சேன்.”

“இது?”

“மேற்கே.”

“கிழக்கேயும் எட்டலையாக்கும். மூணு சட்டத்துலயும் தண்ணி கீழேதான் போயிருக்கு.”

பூவணனுக்கு வெட்கமாகிவிட்டது. மூன்று நாட்டுச் சட்டத்தையும் தலைகீழாகச் சொல்லக்கூடிய மனிதர். தன் கையாலேயே போட்ட முடிச்சுகளை அவர் யோசித்தே பார்க்கவில்லை.

“அப்போ ராஜாகிட்ட நான் என்னதான் சொல்றது?”

“எனக்குத் தாகமா இருக்கு. முதல்ல கொஞ்சம் தண்ணி கொண்டாங்க.”

“இளநீர் சீவித் தரேனே.”

“கிணத்துத் தண்ணி போதும்.”

சீடனாக வந்த புதிதில் பூவணன் குனிந்து கையாலேயே அள்ளிக் குடித்த மடத்துக் கிணறு அது. செம்பை இறக்கினார். மூன்று முடிச்சும் விரல்களைக் கடந்து போயின. கயிற்றின் நுனி கைக்கு வந்த பிறகும் செம்பு நனையவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம், தன் தோப்பில் பூவணன் புதிதாக வெட்டிய ஆழக் கிணற்றில், மாடு பூட்டி நீர் இறைக்கும் சத்தம் கேட்டது.

பூவணன் காலிச் செம்பை மேலே இழுத்தார்.

“எட்டல தாயே. இன்னொரு துண்டு முடியட்டுமா?”

“முடியுங்க. நாளைக்கு அந்தக் கயித்தையே ராஜாகிட்டக் கொண்டுபோங்க. நாலாவது முடிச்சு எந்த நாட்டுல போட்டதுன்னு கேப்பார். மறைக்காம சொல்லுங்க.”