யார் நீட்டிய விரல்?

உன்னைத்தான் சொல்கிறேன். கூட்டத்துக்குள் தலையை மறைத்துக்கொண்டு விரலை மட்டும் நீட்டினாயே, நீதான். நீட்டியது உன் கை. கல்லானது அவள்.

மற்றவர்கள் கேளுங்கள். ஆடும் மாடும் ஆளோடு வாதாடிய அந்தக் காலத்தில் செங்காடு என்று ஒரு நாடு. புரட்டாசிக் கடைசியில் வருஷம் தவறாமல் அங்கே ஒரு மந்திரவாதி வருவான். கையில் ஆட்டுத்தலை வைத்த கோல். சந்தைத் திடலில் நின்று கேட்பான்: "மழையைத் தடுத்தது யார்? காட்டுங்கள்!"

முதல் வருஷம் குயவனைக் காட்டினார்கள். சூளைப் புகை மேகத்தை விரட்டியதாம். கோல் தொட்டது, கல்லானான், மழை பெய்தது. இரண்டாம் வருஷம் மேளக்காரன். சத்தத்தில் மேகம் மிரண்டதாம். கோல் தொட்டது, கல்லானான், மழை பெய்தது. மூன்றாம் வருஷம் கீரை விற்கிற பூவாத்தா. வானத்தைப் பார்த்துச் சிரித்தாளாம். கோல் தொட்டது, கல்லானாள், மழை பெய்தது.

நாலாம் வருஷம் கிணறு வெட்டும் சுடலையைக் காட்டினார்கள். பூமியின் வயிற்றைக் குத்தினானாம்.

அவனுடைய அக்கா மாடத்தி, ஆட்டுச் சந்தையில் தரகு பேசுகிறவள். உப்பைத் தின்னக் கொடுத்து, தண்ணீர் காட்டி, வயிறு உப்பவைத்த ஆட்டை எத்தனையோ பேர் அவள் தலையில் கட்டியிருக்கிறார்கள். ஏமாந்து ஏமாந்து கண் திறந்தவள். காட்டுகிற ஆட்டை விட்டுவிட்டு, காட்டாத ஆடு எங்கே என்று கேட்பாள்.

கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஓய்! நீர் வருவதற்கு முன்னால், எங்கப்பன் காலத்தில், ஐப்பசியில் மழை பெய்ததா இல்லையா?"

"பெய்திருக்கும்."

"அப்போது கல்லானது யார்?"

மந்திரவாதி கோலை மறு கைக்கு மாற்றினான்.

"ஒரு வருஷமாவது யாரையும் தொடாமல் இருந்து பார்த்தீரா?"

"அது ஆபத்து, பெண்ணே."

"சித்திரையில் ஏன் வருவதில்லை? வெயில் ஒத்துக்காதோ?"

ஊரே சிரித்தது. பூவாத்தா கல்லான நாளிலிருந்து சிரிக்கப் பயந்த ஊர்.

சுடலை கோலைப் பார்த்தான். மந்திரவாதி பதறினான். "தொடாதே! என்னைத் தவிர யார் பிடித்தாலும் கல்தான்!"

மாடத்திக்கு ஜெயித்த மப்பு. "மழை விஷயத்தில் புளுகினவன் இதில் மட்டும் நிஜம் பேசுவானா? பிடுங்குடா தம்பி!"

"அக்கா, நிச்சயமா?"

"நான் சொல்றேன்ல?"

பிடுங்கினான். விரலிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து கண்ணுக்குக் கல் ஏறியது. கோல் போன மந்திரவாதி ஓடியே போனான். துரத்த யாருக்கும் கால் வரவில்லை.

அப்போது கோலின் ஆட்டுத்தலை வாய் திறந்தது. "தொட்டது நான். தொடவைத்தது உங்கள் நினைப்பு. எவர் நினைப்போ, அவரே ஊர் முன்னால் நின்று அது எங்கே தப்பாய்ப் போனது என்று சொல்லட்டும். கல் இளகும்."

"அந்தப் பயல் புளுகினான், அதனால்தான்" என்றாள் மாடத்தி. கல் அசையவில்லை.

"தம்பி அவசரப்பட்டான்." கல் அசையவில்லை.

சந்தையில் ஒரு நாளும் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்காதவள் மண்ணில் உட்கார்ந்தாள். "ஒன்றில் பொய் சொன்னவன் எல்லாவற்றிலும் பொய்தான் சொல்வான் என்று நினைத்தேன். அவனைக் கேட்ட மாதிரி என்னை நான் கேட்கவில்லை. தப்பு செய்தது நான்."

கல் உதிர்ந்தது. சுடலை தூசியைத் துப்பினான். "இனிமே நீயே பிடுங்குக்கா."

குயவனைக் காட்டிய பக்கத்து வீட்டுக்காரன் அழுதுகொண்டே வந்து சொன்னான். மேளக்காரனைக் காட்டிய மச்சான் வந்து சொன்னான். குயவனும் மேளக்காரனும் கல் உதிர்ந்து எழுந்தார்கள். அந்த ஐப்பசியில் மழை தானாகவே பெய்தது.

பூவாத்தாவுக்கு மட்டும் யாரும் வரவில்லை. சிரித்த வாய் திறந்தபடியே இருக்கிறது. அதில் தேங்கும் மழைத் தண்ணீரை அவள் மகள் தினமும் முந்தானையால் ஒற்றி எடுக்கிறாள். உனக்குப் பதிலாக மாடத்தி சொல்லிப் பார்த்துவிட்டாள், கல் கேட்கவில்லை. மறைந்தது போதும். முன்னால் வா. சிரித்தவளைப் பார்த்து என்ன நினைத்தாய், அது எங்கே தப்பாய்ப் போனது, வாயைத் திறந்து சொல்லித் தொலை!