குருவம்மா விட்ட நாப்பத்தெட்டுப் பயம்

கேட்டுக்கோங்க பிள்ளைகளா. ஒரு பொட்டல்காட்டு நடுவுல ஒரு ஊரு. அந்த ஊருக்கு நாப்பத்தோரு வீடு, ஒரு அம்மன் கோயிலு, ஒரே ஒரு கிணறு. அந்த ஊருல குருவம்மா குருவம்மான்னு ஒருத்தி இருந்தா. புருஷன் ஆட்டுக்கிடையோட மேற்க போயிட்டான், மழை விழுந்தாத்தான் திரும்புவான். வீட்டுல இவளும், இவ மாமியா காத்தாயியும், பொட்டுன்னு நாலு வயசுப் பொம்பளைப் பிள்ளையும் மட்டும்தான்.

இந்தக் குருவம்மா இருக்காளே, அவளைப் போலப் பயந்தாங்கொள்ளி அந்தச் சீமையிலயே கிடையாது. பல்லி கத்துனா பயம், இடி இடிச்சா பயம், வான்கோழி றெக்கையை விரிச்சா பயம். பக்கத்து வீட்டுச் செங்கமலம் உலக்கையை வாங்கிட்டுப் போயி ஆறு மாசமாச்சு, திருப்பிக் கேக்கப் பயம். கடைக்காரன் கட்டை விரலைப் படிக்குள்ள விட்டுத்தான் பருப்பு அளப்பான், அதை இவ கண்ணால பார்ப்பா, பார்த்துட்டு வாயை மூடிட்டு வந்துருவா. என்னடா சிரிப்பு? நேத்துக் கொல்லைக்குப் போக நீ யாரைத் துணைக்குக் கூப்பிட்டே, அதை நான் சொல்லட்டுமா? ம், அப்போ சும்மா கேளு.

அந்த ஊருல ஒரு வழக்கம். அம்மன் திருநாளுக்கு நாப்பத்தெட்டு நாள் இருக்கையிலே விரதம் இருக்குறவங்க கையில பூசாரி காப்புக் கட்டுவாரு. கட்டும்போது, "எதைம்மா விடுறே?"ன்னு கேப்பாரு. ஒருத்தி "புளியை விட்டேன்"ம்பா. ஒருத்தி "வெத்தலையை விட்டேன்"ம்பா. ஒருத்தி "கறி மீனு விட்டேன்"ம்பா. அந்த வருஷம் வரிசையில குருவம்மாவும் நின்னா. அவ முறை வந்துச்சு. பூசாரி கேட்டாரு, "எதைம்மா விடுறே?"

"பூசாரியண்ணே, நான் குடிக்கிறது கம்மங்கூழு. அதுல புளியும் இல்ல, கறியும் இல்ல. வெத்தலையும் போடுறதில்ல. என்கிட்ட விடுறதுக்குன்னு இருக்குறது பயம் ஒண்ணுதான். அதுதான் வீடு நிறைய இருக்கு"ன்னு சொல்லிட்டா. ஏதோ வாய் தவறி வந்துருச்சு. கூட நின்ன பொம்பளைங்க எல்லாம் கொல்லுனு சிரிச்சாங்க. பூசாரி சிரிக்கல. அவரு மஞ்சத் துண்டு கோத்த கயித்தை எடுத்தாரு, அவ மணிக்கட்டுல இறுக்கிக் கட்டுனாரு. "சொன்னது சொன்னதுதான். தினம் ஒரு பயத்தை விடணும். நடுவுல முறிச்சா அம்மன் கோவிச்சுக்குவா"ன்னுட்டாரு.

போச்சா! இவளுக்கு இப்போ புதுசா ஒரு பயம் வந்துருச்சு. விரதம் முறிஞ்சா பிள்ளைக்கு ஆகாதேன்னு பயம். அப்புறம் என்ன செய்வா, பயந்து பயந்தே பயத்தை விட ஆரம்பிச்சா.

முதல் நாள், பல்லி இருக்குற சுவத்துக்குக் கீழேயே பாயைப் போட்டுப் படுத்தா. பல்லி "சொச் சொச்"சுன்னுச்சு, இவ கண்ணை இறுக்கி மூடிக்கிட்டா, ஆனா எந்திரிக்கல. ரெண்டாம் நாள், வான்கோழி முன்னாடி போயி நின்னா. அது கழுத்தை நீட்டி "க்ளக் க்ளக்"குன்னு வந்துச்சு, இவ பதிலுக்குக் கழுத்தை நீட்டி "என்னா?"ன்னா, அது யோசிச்சுட்டு அந்தப் பக்கம் போயிருச்சு. மூணாம் நாள் செங்கமலம் வீட்டு வாசல்ல போயி நின்னா. நின்னா, நின்னா, வெயில் ஏறுற வரைக்கும் நின்னா.

"என்ன குருவம்மா, கால்ல வேர் விட்டுருச்சா?"ன்னு கேட்டா செங்கமலம்.

"உ… உல… உலக்கையக்கா."

"அட, இதைக் கேக்கவா இம்புட்டு நேரம்? நானே அது யாரு உலக்கைன்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன். எடுத்துக்கிட்டுப் போ தாயீ."

அவ்வளவுதான். ஆறு மாசத்துப் பயம், ஒரு நிமிஷத்துல முடிஞ்சு போச்சு.

அப்புறம் கடைக்காரன்கிட்ட "விரலை எடுத்துட்டு அளங்கண்ணே"ன்னா. இடி இடிக்கும்போது முத்தத்துல போயி நின்னா. இப்படியே ஒவ்வொரு நாளும். ஆனா ஒண்ணு சொல்றேன், அவளுக்கு நிம்மதியே இல்ல. விடிஞ்சதும் கையில காப்பு அரிக்கும். இன்னைக்கு எது, இன்னைக்கு எதுன்னு மனசு கிடந்து அடிச்சுக்கும். அடுப்படிக்குப் போவா, வாசலுக்கு வருவா, மறுபடி அடுப்படிக்குப் போவா. ஒரு இடத்துல உக்கார மாட்டா. காத்தாயிக் கிழவி பார்த்துப் பார்த்துக் கடுப்பாயி, "அடியே, உன்னைப் பார்த்தா எனக்குத் தலை சுத்துது, ஒரு மூலையில உக்காரேண்டி"ன்னு கத்துவா.

முப்பது நாள் போச்சு, நாப்பது நாள் போச்சு. சின்னப் பயமெல்லாம் தீர்ந்து போச்சு. ஒரு நாள் காலையில குருவம்மா மாமியாகிட்ட வந்து, "அத்தே, உங்களுக்கு ஏதாச்சும் பயம் இருந்தா ஒண்ணு குடுங்க, இன்னைக்கு விடுறதுக்கு எனக்கு இல்ல"ன்னா.

"எனக்கு ஏதுடி பயம்? இந்தக் காத்தாயி எமனையே ஏசிட்டு வருவா."

"அப்போ ஊர்க் கிணத்துல போயி ஒரு குடம் தண்ணி எடுத்துட்டு வாங்க."

மாமியாவை எதிர்த்துப் பேசுனதே அன்னைக்கு விட்ட பயமாச்சு. கிழவி கப்புனு வாயை மூடிக்கிட்டா.

ஏன் மூடிக்கிட்டான்னு சொல்றேன் இரு. அந்த ஊருல தவசியப்பர்னு ஒரு பெரியதனக்காரரு. ஊருல அவரு சொல்லுதான் சொல்லு. மூணு வருஷத்துக்கு முன்னாடி அவரு ஊரைக் கூட்டி, "கிணத்துல முனி இறங்கியிருக்கு. நேத்து ஒரு வழிப்போக்கன் தண்ணி குடிச்சான், குடிச்ச உடனே குரல் போச்சு, பே பேன்னுக்கிட்டே போயிட்டான். என் ரெண்டு கண்ணால பார்த்தேன்"னு சொன்னாரு. சொல்லிட்டுக் கிணத்தைச் சுத்தி முள்ளு வெட்டிப் போட்டுட்டாரு. அன்னைக்கே ஊரு சனம் பூராவும் கிணத்தை மறந்துட்டு, ஒரு காதம் நடந்து ஓடைக்குப் போயி, மணலைத் தோண்டி ஊத்துத் தண்ணி எடுக்க ஆரம்பிச்சுருச்சு. கிணத்துக்கு அந்தாண்டை தவசியப்பரோட வெத்தலைக் கொடிக்கால் மட்டும் பச்சைப் பசேல்னு இருந்துச்சு. அது எப்படிப் பச்சையா இருக்குன்னு ஒருத்தரும் கேக்கல. கேக்கப் பயம். குருவம்மா ஒருத்தியைத்தான் பயந்தாங்கொள்ளின்னு ஊரு சிரிச்சுச்சு, பார்த்துக்கோ!

நாப்பத்தஞ்சாம் நாளு, குழந்தை பொட்டுக்கு அம்மை போட்டுருச்சு. மேலெல்லாம் முத்து. அனலா கொதிக்குது. வேப்பிலையை விரிச்சுப் படுக்க வச்சாங்க. நாப்பத்தாறாம் நாளு, ஓடையில ஊத்து வத்திப் போச்சு. நாலு ஆள் ஆழம் தோண்டியும் அரைச் செம்பு சேறுதான் வந்துச்சு. நாப்பத்தேழாம் நாளு, பிள்ளை கண்ணைத் திறக்காம "தண்ணி"ன்னுச்சு. அப்புறம் "தண்ணீ"ன்னுச்சு. அப்புறம் உதடுதான் அசைஞ்சுச்சு, சத்தம் வரல.

குருவம்மா குடத்தையும் கயித்தையும் எடுத்தா.

"எங்கடி போறே?"ன்னா கிழவி.

"கிணத்துக்கு, அத்தே."

"குரல் போயிரும்டி!"

"எனக்குக் குரல் இருந்து என்ன அத்தே பிரயோசனம், பிள்ளைக்குத் தண்ணி இல்லாம?"

உச்சி வெயிலு. முள்ளை விலக்குனா, கையெல்லாம் கீறி ரத்தம். குடத்தை இறக்குனா. ஆத்தாடி, எவ்வளவு தண்ணி! குடத்தை இழுத்து மேல வச்சா. பிள்ளைக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி தான் குடிச்சுப் பார்க்கணும்ல? ரெண்டு கையிலயும் ஏந்தி மடமடன்னு குடிச்சா. குடிச்சுட்டுப் பிள்ளை பேரைக் கூப்பிட்டா. சத்தம் வரல. ரெண்டாந்தரம் கூப்பிட்டா, வெறும் காத்துதான் வந்துச்சு. போச்சு, போயே போச்சுன்னு கண்ணுல தண்ணி கொட்டுது. மூணாந்தரம் அடி வயித்துலேர்ந்து இழுத்து, "பொட்டூ!"ன்னா பாரு, கிணத்துக்குள்ள போயி எட்டு மடங்கா திரும்பி வந்துச்சு. முதல்ல அவ குரலைப் பிடிச்சு வச்சிருந்தது முனியில்ல. பயந்தான். அப்போதான் அது அவளுக்கு வெளங்குச்சு, அழுதுக்கிட்டே சிரிச்சா.

பிள்ளைக்குச் சொட்டுச் சொட்டா ஊத்துனாங்க, வேப்பிலை போட்ட தண்ணியால துடைச்சு விட்டாங்க. சாயங்காலம் சூடு தணிஞ்சு பொட்டு கண்ணைத் திறந்தா. கிழவியும் ரெண்டு மடக்குக் குடிச்சுட்டு, "அடியே, என் குரலு இருக்கா?"ன்னா. "ஊருக்கே கேக்குது அத்தே"ன்னா இவ. "அப்போ சரி. யாருகிட்டயும் மூச்சு விடாதே. நாம மட்டும் கமுக்கமா எடுத்துக்குவோம்"னுட்டா கிழவி.

குருவம்மாவுக்கு இருப்புக் கொள்ளல. அடுப்படிக்கும் வாசலுக்கும் நடக்குறா. பக்கத்து வீட்டுல செங்கமலம் மகன் "தண்ணி தண்ணி"ன்னு அழுவுறான். அந்தாண்டை வீட்டுல ஒரு கன்னுக்குட்டி கத்துது. கிணத்துக்குப் போனது நாப்பத்தேழாவது பயம். அதை ஊருக்கு முன்னாடி சொல்றதுதான் நாப்பத்தெட்டாவதுன்னு அவளுக்குத் தெரிஞ்சு போச்சு. கிணத்தை விட அது பெரிசா இருந்துச்சு.

மறுநாள் காப்பு அறுக்குற நாளு. விரதக்காரங்க ஆளுக்கு ஒரு செம்பு தண்ணி கொண்டு வரணும். பெரியதனக்காரரு ஒவ்வொரு செம்புலேர்ந்தும் ஒரு வாய் குடிக்கணும், அப்புறந்தான் பூசாரி காப்பை அறுப்பாரு. குடிக்க மாட்டேன்னா அவருக்குப் பெரியதனம் இல்ல. அது ஊரு முறை. ஊத்து வத்திப் போனதால எல்லார் செம்புலயும் கலங்கல்தான். குருவம்மா செம்புல மட்டும் தண்ணி பளிங்கா இருந்துச்சு.

"எந்த ஊரு தண்ணி இது?"ன்னு தவசியப்பர் கண்ணை இடுக்கிக்கிட்டுக் கேட்டாரு.

"நம்ம ஊரு தண்ணிதாங்க ஐயா. ஊர்க் கிணத்துத் தண்ணி. நேத்து நான் குடிச்சேன், என் மக குடிச்சா, என் மாமியாவும் குடிச்சாங்க. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. கிணத்துல முனி இல்லைங்க."

தவசியப்பர் துள்ளி எந்திரிச்சு, "ஐயையோ, இவ பேசல! முனி இவ வாய்க்குள்ள புகுந்து பேசுது! எல்லாரும் தள்ளி நில்லுங்க!"ன்னு கத்துனாரு. சனம் பூராவும் பத்தடி பின்னால போச்சு. நடுவுல குருவம்மா மட்டும் ஒத்தையில நிக்கிறா. செம்பு தளும்புது, அப்படி நடுங்குறா.

"என் காலைப் பாருங்க எல்லாரும். வெடவெடன்னு ஆடுதா? முனிக்குக் காலு ஆடுமா? பயந்தவளுக்குத்தான் ஆடும். இது நான்தான், குருவம்மாதான். நீங்க குடிங்க ஐயா."

பூசாரி, "முறைன்னா முறைதான். குடிங்க"ன்னாரு.

தவசியப்பருக்கு வேற வழியில்ல, குடிச்சாரு. குடிச்சவரு கெட்டிக்காரரு இல்லையா, இப்போ பேசுனா பொய்யி வெளியில வந்துரும்ல? தொண்டையைப் பிடிச்சுக்கிட்டு, முழியைப் பிதுக்கிக்கிட்டு, "பே… பே…"ன்னாரு. அவ்வளவுதான், ஊரே அலறிருச்சு. "பெரியதனக்காரரு வாயைக் கெடுத்துட்டா! இவளை விரட்டுங்கடா ஊரை விட்டு!"ன்னு கல்லை எடுத்துட்டாங்க. குருவம்மா ஓடல. ஓடணும்னு இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன், ரொம்ப ஓடணும்னு இருந்துச்சு. ஓடாம நின்னு, செம்புல மிச்சம் இருந்த தண்ணியை எல்லாரும் பார்க்கவே குடிச்சா. "நான் பேசுறேன், கேக்குதா? கேக்குதா? கேக்குதா?"ன்னா.

மருமக குரல் தெருக்கோடி வரைக்கும் கேட்டுச்சு. காத்தாயிக் கிழவி வீட்டுல இருந்து கம்பை ஊனிக்கிட்டு ஓடி வந்தா. வந்தவ மூச்சு வாங்க, "பெரியதனக்காரரே, உங்க கொடிக்கால்ல ஒரு ஆடு புகுந்துருச்சு!"ன்னா.

தவசியப்பர் பல்லைக் கடிச்சுக்கிட்டு "பே"ன்னாரு.

"ஒண்ணு இல்ல, ஊரு ஆடு அத்தனையும் புகுந்துருச்சு! கொடி படர நட்ட அகத்தியைப் பூராவும் மேயுது!"

தவசியப்பருக்கு நெத்தியில வேர்வை ஓடுது. "பே… பே…"

"அதோட போச்சா? வெத்தலைக் கொடியை இழுத்துப் போட்டு, கிணத்துலேர்ந்து ரகசியமா வெட்டி விட்டிருக்கீங்களே வாய்க்காலு, அதையும் மிதிச்சு நாசம் பண்ணிருச்சு!"

"அடப் பாவிகளா! என் வாய்க்காலு! மூணு வருஷமா கண்ணு மறைவா வெட்டுன வாய்க்காலுடா! ஓடுங்கடா, ஆட்டை விரட்டுங்கடா!"ன்னு தவசியப்பர் போட்ட சத்தத்துல கோயில் மரத்துக் காக்கா எல்லாம் பறந்து போச்சு.

ஊரு எடுத்த கல்லைக் கீழே போட்டுச்சு. முதல்ல செங்கமலம் சிரிச்சா, அப்புறம் கடைக்காரன் சிரிச்சான், அப்புறம் எல்லாரும் சிரிச்சாங்க, அப்புறம் சிரிப்பு நின்னு கோவம் வந்துச்சு. பச்சைக் கொடிக்காலை வச்சே கிழவி வாய்க்காலைக் கண்டுபிடிச்சுட்டா. ஆடுகளை யாரு அவுத்து விட்டதுன்னு கேக்குறியா? எனக்கு எப்படித் தெரியும், கிழவிகிட்டப் போயிக் கேளு.

அன்னைக்கே தவசியப்பருக்குப் பெரியதனம் போச்சு. மூணு வருஷம் கிணத்தை மூடி வச்சாரில்ல, மூணு வருஷம் தினமும் விடியக்காலையில அவரே தண்ணி இறைச்சு, நாப்பத்தோரு வீட்டுக் குடத்தையும் நிரப்பணும்னு ஊரு தீர்ப்புச் சொல்லிருச்சு. கை கொப்புளிக்கக் கொப்புளிக்க இறைச்சாரு.

பூசாரி குருவம்மாவோட காப்பை அறுத்துட்டு, "எல்லாப் பயமும் போயிருச்சாம்மா?"ன்னு கேட்டாரு.

"எங்கண்ணே போச்சு? அப்படியேதான் இருக்கு. முன்னெல்லாம் அது எனக்கு முன்னாடி நிக்கும், இப்போ பின்னாடி வருது, அவ்வளவுதான்"னா. சொல்லிட்டுப் பிள்ளைக்குக் கஞ்சி வைக்க வீட்டுக்குப் போயிட்டா.

அவ்வளவுதான்டா கதை. தைரியங்கிறது புலியைக் கொல்றதுக்குன்னு எடுத்து வைக்கிற சாமான் இல்ல. கேக்க வேண்டியதைக் கேக்குறது, சொல்ல வேண்டியதைச் சொல்றது, அதுவும் தினம் ஒரு வாய்தான். அந்த ஊரு கிணத்துல தண்ணி ஊறிக்கிட்டே இருக்கட்டும், நம்ம வீட்டுப் பிள்ளைங்க நல்லா இருக்கட்டும். எங்கே, நாளைக்கு நீ எந்தப் பயத்தை விடப் போறே? அதைச் சொல்லிட்டுப் படு.